போன மாதம் யார் செய்தார்கள்?

“வலி அதிகமானா எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. அப்போ கார்டு செல்லும்.” ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னிடம் சொன்னது இது. ஏளனமாகச் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை. சித்திக்குப் பித்தப்பையில் கல், அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்கிற சர்ஜன் வேண்டும் என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த நல்ல யோசனையைத்தான் அவர் சொன்னார். சித்திக்கு அறுவை முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார். அந்த யோசனை மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கல் பித்தப்பைக்குள் கிடக்கும்போது செல்லாத கார்டு, அதே கல் நகர்ந்து குழாயை அடைத்து, காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாக ஆனபின் செல்லும் என்றால், நடுவில் இருக்கும் நாட்களில் நோயாளி என்ன செய்ய வேண்டும்? நோய் முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

சித்தியின் கதை பெரிய கதை இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், முதுகுப் பக்கம் ஏறும், சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும். வாயு என்று நினைத்து நாட்கள் போயின. ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. குடும்ப டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “கல் இருக்கு, ஆனா தொந்தரவு இல்லைன்னா அப்படியே விட்டுடலாம். நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு வலி வர ஆரம்பிச்சிடுச்சு. இனி திரும்பத் திரும்ப வரும். நல்லா இருக்கும்போதே எடுத்துடறதுதான் நல்லது.” அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அரசுக் காப்பீடுகள் மிகவும் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

சித்தி சேர்ந்திருக்கும் காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவர் பட்டியல் கையில் இருந்தது. அதில் பொது அறுவை சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் தாராளமாகப் பெயர்கள். வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒருவர் அறுவை செய்வதை நிறுத்திவிட்டார், புறநோயாளிகளை மட்டும் பார்க்கிறார். இன்னொருவர் இப்போது மார்பகம், தைராய்டு தவிர வேறு எதையும் தொடுவதில்லை. மற்றொருவர் திட்டத்தில் இருக்கிறார், ஆனால் அவர் அறுவை செய்யும் மருத்துவமனை திட்டத்தில் இல்லை. ஆகவே கார்டைக் காட்டி அவரிடம் ஆலோசனை கேட்கலாம், அறுவை செய்துகொள்ள முடியாது. “எடுக்கறோம், ஆனா இப்போ புது நோயாளிகளை இந்தத் திட்டத்துல சேர்க்கறதில்லை” என்பது அடிக்கடி வந்த பதில். சில எண்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டியலில் இருந்த எந்தப் பெயரும் போலி இல்லை. எல்லோரும் உண்மையான மருத்துவர்கள், எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். இருந்தும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சித்திக்கு ஒரு தேதி வாங்க முடியவில்லை.

சித்தி என்னைவிட நிதானமாக இருந்தார். “விடுப்பா, எண்ணெயைக் குறைச்சுக்கறேன், சரியாயிடும்” என்பார். எண்ணெயைக் குறைத்தால் வலி குறையலாம், கல் கரைந்துவிடாது. அவருக்கும் அது தெரியும். போன் பேசி ஓய்ந்துபோகும் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. சிகிச்சை கிடைக்காமல் திரும்புகிறவர்களில் எத்தனையோ பேர், தங்களால் வீட்டில் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று இப்படித்தான் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எந்தக் கணக்கிலும் அவர்கள் ஏறுவதில்லை. மறுக்கப்பட்டவர் என்றுகூட அவர்களை யாரும் எழுதி வைப்பதில்லை.

முற்றிய பிறகு திறக்கும் கதவு

அந்த வரவேற்பு மேசைப் பெண் சொன்னது தவறான தகவல் இல்லை. அதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. உயிருக்கு ஆபத்து என்று வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைப் பல நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பணத்தை வாங்கும் மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருந்தால், வருகிறவரிடம் காப்பீடு இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1989-ல், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர் காக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நல்ல சட்டம், நல்ல தீர்ப்பு. ஆனால் வலி விட்டுவிட்ட ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், கையில் ஸ்கேன் அறிக்கையுடன் வந்து நிற்பவருக்கு இந்தச் சட்டங்கள் எதையும் தருவதில்லை.

பித்தப்பைக் கல்லில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். கல் பித்தப்பையின் வாயை அடைத்துக்கொண்டே இருந்தால் பை வீங்கி அழற்சி ஆகிறது. கல் பொது பித்தநாளத்துக்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை வரும், நாளத்தில் கிருமித் தொற்று வரும். கணைய நாளத்தின் வாயில் மாட்டிக்கொண்டால் கணையம் வீங்கும், அதில் சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிறார்கள். அமைதியான காலத்தில் செய்யும்போது சில சிறு துளைகள் வழியாக முடிந்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய அறுவை இது. அழற்சி முற்றிய பையில் அதையே செய்யும்போது திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், நாளம் எது ரத்தக்குழாய் எது என்று பிரித்தறிவதே கஷ்டம். சில சமயம் துளைவழி முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வரும். ஆக, தாமதமாகத் திறக்கும் அந்தக் கதவு நோயாளிக்கு ஆபத்து, சர்ஜனுக்கு உழைப்பு. பணம் கட்டும் திட்டத்துக்கும் செலவுதான் கூடுகிறது. யாருக்குமே லாபம் இல்லாத ஒரு ஏற்பாடு எப்படி எல்லோருக்கும் பழகிப்போனது என்பது எனக்கு ஆச்சரியம்.

குடலிறக்கத்திலும் இப்படித்தான். ஹெர்னியா என்றால் ஆண்களுக்கு அடிவயிற்றின் ஓரத்தில் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அறிகுறி அதிகம் இல்லாத அந்த வகையைக் கண்காணித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்று டாக்டர்களே சொல்வதுண்டு. தொடை ஹெர்னியா என்று ஒன்று இருக்கிறது. அது பெண்களிடம்தான் அதிகம். வாய் குறுகியது என்பதால் குடல் அதில் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகும் அபாயம் மிகுதி. அந்த நோயாளியிடம் போய் ‘வலி அதிகமானால் வாருங்கள்’ என்று சொன்னால், அவர் வரும்போது குடலின் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். மேசையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டியதில்லை, அது அவர் வேலையும் இல்லை. தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேரும் முன்பே நோயாளி அந்த மேசையோடு திரும்பிவிடுகிறார் என்பதுதான் என் கவலை.

வரலாற்றில் ஒரு பொருத்தம் இருக்கிறது, இதைப் பற்றிப் படிக்கும்போது கண்ணில் பட்டது. பித்தப்பையை முழுதாக அகற்றும் அறுவையை முதன்முதலில் செய்தவர் கார்ல் லாங்கன்புக், பெர்லினில், 1882 ஜூலையில். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல் உருவாகும் பையையே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு, 1883 ஜூனில், அதே பெர்லினில் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. உலகின் முதல் தேசிய அளவிலான கட்டாய மருத்துவக் காப்பீடு அதுதான். நோய் முற்றும் முன் உறுப்பை எடுத்துவிடலாம் என்ற துணிவும், அதற்கு எல்லோரும் சேர்ந்து பணம் போடலாம் என்ற ஏற்பாடும் ஒரே நகரத்தில் ஓராண்டு இடைவெளியில் பிறந்திருக்கின்றன. பிறகு 1985-ல் ஜெர்மனியிலேயே எரிக் முய என்ற சர்ஜன் துளைவழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். தொழில்நுட்பம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அறுவையையும் காப்பீட்டையும் ஒரே மேசையில் ஒரே நாளில் சேர்த்துவைக்க மட்டும் இன்னும் பல இடங்களில் வழி இல்லை.

காப்பீட்டு மேசையில் கிடைத்த கேள்வி

திருப்பம் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையில் நடந்தது. மாணவர்கள் படிக்கும், நாள் முழுக்கக் கூட்டம் வழியும் இடம். அங்கேயும் பட்டியலில் இருந்த ஒரு சர்ஜனின் பெயரைச் சொல்லித்தான் விசாரித்தேன். காப்பீட்டு மேசையில் இருந்த அம்மா, வயதில் மூத்தவர், என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவால் அடித்தும் சுழித்தும் வைத்திருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பேரையும் கூப்பிட்டீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் சொன்னது: “டாக்டர் பேரை வெச்சுத் தேடாதீங்க தம்பி. திட்டத்துல இருக்காங்களான்னும் கேக்காதீங்க. இருக்கோம்னுதான் சொல்லுவாங்க. போன மாசம் இந்த கார்டுல பித்தப்பை யார் செஞ்சாங்கன்னு கேளுங்க.” சொல்லிவிட்டு, கணினியில் அவரே தேடிப் பார்த்தார். அந்த மருத்துவமனையின் ஒரு அறுவைப் பிரிவு போன மாதமும் செய்திருந்தது, அதற்கு முந்தைய மாதமும் செய்திருந்தது. அந்தப் பிரிவின் தலைவர் பெயர் என் பட்டியலிலேயே இல்லை. மருத்துவமனையின் பெயரில்தான் ஒப்பந்தம், தனிப்பட்ட டாக்டர் பெயரில் இல்லை.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் மாறிவிட்டது. அதுவரை நான் ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சையை ஒரு மனிதர் செய்வதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர் வேண்டும், அறுவை அரங்கம் வேண்டும், எடுத்த உறுப்பைச் சோதிக்கும் நோய்க்குறியியல் பிரிவு வேண்டும், படுக்கை வேண்டும், அறுவைக்கு முன்பே திட்டத்திடம் வாங்க வேண்டிய முன் அனுமதிக்கான தாள்களை நிரப்பி அனுப்ப ஆள் வேண்டும். இதில் ஒருவர் திட்டத்துக்கு வெளியே இருந்தாலும் தேதி தள்ளிப்போகும், அல்லது கடைசி நாளில் கையில் ஒரு தனி பில் வந்து விழும். போன மாதம் நடந்திருக்கிறது என்றால் இவை அத்தனையும் அங்கே ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பட்டியல் ஒரு வாக்குறுதியைத்தான் காட்டுகிறது. போன மாதத்துப் பதிவில் நடந்த வேலை இருக்கிறது.

அதன்பின் எங்கே போனாலும் நான் கேட்ட கேள்விகள் மாறிவிட்டன. சித்தி குணமான பிறகும் தெரிந்தவர்களுக்காக இதையேதான் கேட்கிறேன். டாக்டரின் உதவியாளரிடம் கேட்பதில்லை, மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில்தான் கேட்கிறேன். அவர்களுக்குத்தான் எந்தக் கோரிக்கை போனது, எது திரும்பி வந்தது என்று தெரியும். அறுவையின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கிறேன். ‘பித்தப்பை ஆபரேஷன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், லேப்ராஸ்கோப்பியில், அதாவது துளைவழியில், பித்தப்பை அகற்றல் என்று சொன்னால் அவர்கள் உடனே அந்த அறுவைக்குத் திட்டம் வைத்திருக்கும் தொகுப்பை, அதாவது பேக்கேஜைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மயக்க மருத்துவர் அதே திட்டத்தில் வருகிறாரா, சோதனைக்கூடம் உள்ளேயே இருக்கிறதா, முன் அனுமதி யார் அனுப்புவார்கள், வழக்கமாக எத்தனை நாளில் வரும், அனுமதி மறுக்கப்பட்டால் மறுபடி யார் எழுதுவார்கள் என்று கேட்கிறேன். பரிந்துரைக் கடிதம் முதலிலேயே வேண்டுமா என்பதும் முக்கியம். சில திட்டங்களில் அது இல்லாமல் போனால் முதல் நாளே வீண். துளைவழி முறை நடுவில் திறந்த அறுவையாக மாறினால் அனுமதி செல்லுமா என்று கேட்டபோது ஒரு மேசையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆனால் பதில் சொன்னார்கள், அந்தப் பதில் பயனுள்ளதாகவும் இருந்தது.

இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்று ஒருவரைச் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் உட்கார வைத்தார்கள். கார்டைச் சரிபார்ப்பதும், முன் அனுமதிக்கு உதவுவதும் அவர் வேலை. இந்தத் திட்டங்களை வடிவமைத்தவர்கள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று இந்தப் பதவி என்பது என் கருத்து. அந்த நாற்காலியில் இருப்பவர் நன்றாக வேலை செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு, எத்தனை நோயாளிக்கு ஒருவர் என்பதையெல்லாம் யாரும் பேசுவதே இல்லை. எல்லோரும் சர்ஜனைப் பற்றியே பேசுகிறோம்.

சர்ஜன் சொன்ன கணக்கு

சித்திக்கு அறுவை செய்த டாக்டரிடம், மற்றவர்கள் ஏன் விலகிப்போகிறார்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். மருந்து எழுதித் தரும் மருத்துவருக்கு ஒவ்வொரு வருகையும் தனிக் கணக்கு. சர்ஜனுக்கு அப்படி இல்லை, ஒரு அறுவைக்கு ஒரு தொகை. அதற்குள்தான் அறுவைக்கு முந்தைய பரிசோதனை, அறுவை, அதன் பின் வரும் வருகைகள், தையல் பிரிப்பது எல்லாம் அடக்கம். அமெரிக்க மெடிகேரில் பித்தப்பை அகற்றுவது போன்ற பெரிய அறுவைகளுக்கு 90 நாட்கள் என்று வரையறையே உண்டு. அந்த 90 நாட்களுக்குள் அறுவை தொடர்பாக வழக்கமாக வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. “எல்லாம் நல்லபடியா போனா அந்தத் தொகை போதும். ஒரு நோயாளிக்குப் பித்தம் கசிஞ்சுதுன்னா, மாசக்கணக்கா அவரைப் பாத்துக்கணும். பாத்துக்கத்தான் வேணும், அது நம்ம பொறுப்பு. ஆனா தனியா இருக்கற சர்ஜன் அப்படி ரெண்டு கேஸ் வந்தா யோசிப்பார்” என்றார்.

நான் இதைப் பல நாள் அசைபோட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. தனியார் காப்பீட்டிலும் பெரும்பாலும் தொகுப்புத் தொகைதான். வித்தியாசம் தொகையின் அளவிலும், அது கைக்கு வரும் நாளிலும் இருக்கிறது. அரசுத் திட்டங்களில் கட்டண விகிதம் பொதுவாகக் குறைவு, பணம் தாமதமாக வருவதும் உண்டு, ஒரு தாள் குறைந்தால் கோரிக்கை திரும்பி வரும். பெரிய மருத்துவமனை இந்த அடியைத் தாங்கும். அதற்கென்று எழுத்தர்கள் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் வாங்கும் சர்ஜன்கள் இருக்கிறார்கள், பயிற்சி மாணவர்கள் கற்க வேண்டியிருக்கிறது. ஒற்றை அறையில் ஒரு உதவியாளரோடு இருக்கும் சர்ஜனுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. ஆகவே அரசுக் கார்டோடு தேடுகிறவர்கள் சிறிய மருத்துவமனையின் பெயர்பெற்ற சர்ஜனைவிடப் பெரிய பயிற்சி மருத்துவமனையின் பிரிவை முதலில் விசாரிப்பது நல்லது என்பேன். அங்கே கூட்டம் இருக்கும், காத்திருப்பு இருக்கும், உங்களை ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்ப்பார். ஆனால் மூத்த சர்ஜனின் மேற்பார்வையில், நாள்தோறும் இதே அறுவையைச் செய்யும் கைகள் அங்கே இருக்கின்றன. பயிற்சி மருத்துவமனை என்றாலே பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

எல்லா சர்ஜன்களும் அரசுக் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா என்று என் தம்பி கேட்டான். அதற்கு நெருக்கமாக வந்த நாடுகள் இருக்கின்றன. கனடாவில் 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமே, காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதை ஒழிப்பதுதான். அங்கே ‘உங்கள் கார்டை எடுக்க மாட்டோம்’ என்ற பேச்சு அரிது, ‘உங்கள் முறை வர நாளாகும்’ என்ற பேச்சு சாதாரணம். பிரிட்டனில் 1948 முதல் தேசிய சுகாதாரச் சேவை இருக்கிறது, கார்டு என்ற கேள்வியே எழாது. ஆனால் பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரங்களுக்குள் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இங்கிலாந்து வைத்துக்கொண்ட இலக்கு 2016-க்குப் பின் எட்டப்படவே இல்லை. மறுப்பு என்பது வாசலில் நடக்காவிட்டால் வரிசையில் நடக்கிறது. இருந்தாலும் எனக்கு வரிசைதான் மேல் என்று தோன்றுகிறது. வரிசையை எண்ணலாம், அதன் நீளத்தை நாடாளுமன்றத்தில் கேட்கலாம். வாசலோடு திரும்பியவர்களை எண்ண யாரிடமும் பதிவேடு இல்லை.

அமெரிக்காவின் மெடிகெய்ட் இதற்கு நேரெதிர் உதாரணம். ஏழைகளுக்கான இந்தத் திட்டத்தில் சேர்வதும் விலகுவதும் மருத்துவரின் விருப்பம், கட்டணத்தை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. அந்தப் பகுதியின் மற்ற மக்களுக்குக் கிடைக்கும் அளவுக்காவது மெடிகெய்ட் நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் கிடைக்கும்படி கட்டணம் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 1989 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அருமையான வரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு சிகிச்சை வழங்குவோர் மாநிலத்தின் மீது நேரடியாக வழக்குப் போட முடியாது என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொல்லிவிட்டது. உரிமை எழுத்தில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வழி சுருங்கிவிட்டது. ஜெர்மனியில் வேறு மாதிரி யோசித்தார்கள். 116117 என்ற எண்ணைக் கூப்பிட்டால், சிறப்பு மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் சேவை மையம் இருக்கிறது. தேடும் பாரத்தை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி அமைப்பின் தோளில் வைக்கும் ஏற்பாடு அது. குறைகள் இருக்கலாம், ஆனால் திசை சரி. நோயாளியின் சொந்தக்காரர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து எண் எண்ணாகச் சுழற்ற வேண்டியதில்லை.

அந்தத் தேதி யாரிடம் இருக்கிறது

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டாமல் இருக்கிறது என்று கணக்கிட்டது. அறுவைக்கும் மயக்க மருந்துக்கும் பணம் கட்டியே ஆண்டுதோறும் 3.3 கோடிப் பேர் தாங்க முடியாத செலவில் விழுகிறார்கள் என்றும் சொன்னது. இந்த எண்களைப் படிக்கும்போது காட்டுக்குள் இருக்கும் கிராமங்கள்தான் மனதில் வரும். பெரிய மருத்துவமனைக்கு எதிரே குடியிருந்துகொண்டு, கையில் செல்லுபடியாகும் கார்டும் வைத்துக்கொண்டு, அறுவை எட்டாமல் இருப்பவர்களும் உண்டு. கட்டண விகிதங்களை உயர்த்த வேண்டும், பணத்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும், சர்ஜன்களை அதிகம் உருவாக்க வேண்டும். இவை எல்லாம் வேண்டும், இவை எல்லாம் ஆண்டுகள் எடுக்கும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு அரசுத் திட்டமும் தன் பட்டியலில் இன்னும் ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும்: இந்த மருத்துவமனையில், இந்த அறுவை, திட்டமிட்ட அறுவையாக, இந்தத் திட்டத்தின் பணத்தில் கடைசியாக நடந்த மாதம். அவசரமாக வந்து செய்தவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும். இதற்குப் புதிதாக எந்தத் தகவலையும் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அறுவைக்குப் பணம் கொடுப்பது திட்டம்தான். எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பேக்கேஜுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்பது அதன் கணக்கிலேயே கிடக்கிறது. நோயாளிகளின் பெயர் எதுவும் வெளியே வர வேண்டியதில்லை, மாதம் தெரிந்தால் போதும். காப்பீட்டு மேசை அம்மா தன் மருத்துவமனைக்கு மட்டும் கணினியில் பார்த்துச் சொன்னதைத் திட்டம் எல்லா மருத்துவமனைகளுக்கும் சொல்லலாம்.

இப்படி வெளியிட்டால் பல பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். திட்டத்தை நடத்துபவர்களுக்கு அது சங்கடம், ஏனென்றால் நீளமான பட்டியலே அவர்களுக்குப் பெருமை. மருத்துவமனைகளுக்கும் வருத்தம் இருக்கும். இடம் இல்லாததால் ஒரு மாதம் செய்யாமல் இருந்ததை மறுப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று அந்த சர்ஜன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் ஒரு மாதத்தைப் பார்க்காமல் ஓர் ஆண்டைப் பார்க்கலாம் என்றேன். ஓர் ஆண்டு முழுக்க ஒரு பித்தப்பைகூட அந்தக் கார்டில் எடுக்காத இடத்தை, பித்தப்பை நோயாளிக்கு வழி என்று காட்டுவது சரியில்லை. காலியான கட்டங்கள் எந்தப் பகுதியில் கூட்டமாகத் தெரிகின்றனவோ அங்கேதான் விகிதத்தை உயர்த்த வேண்டும், அங்கேதான் பணம் சிக்கிக்கிடக்கிறது என்பதும் திட்டத்துக்கே தெரியவரும். அவசரப் பிரிவில் மட்டும் எண்ணிக்கை ஏறி, திட்டமிட்ட அறுவையில் ஒன்றுமே இல்லாத மருத்துவமனை இருந்தால், அந்தப் பகுதியில் மக்கள் நோய் முற்றும்வரை வீட்டில் காத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும்.

சித்தி சேர்ந்திருக்கும் திட்டத்தின் அலுவலகத்துக்கு இதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது அரசுக் காப்பீட்டில் அறுவை செய்துகொண்டிருந்தால், எந்த மருத்துவமனை, எந்த அறுவை, எந்த மாதம், தனியாக ஏதாவது பணம் கேட்டார்களா என்பதை அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். திட்ட அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஒருவர் கேட்டால் கோப்பில் வைத்துவிடுவார்கள், பலர் கேட்டால் யாராவது ஒருவர் எடுத்துப் பார்ப்பார்.